கைரியாவின் பேசாத கடை

படத்தில் தீப்பெட்டி எங்கே கிடக்கிறது என்றுதான் கைரியா முதலில் பார்க்கிறார். பாய் மேல் விரித்த பழைய சட்டை, அதன் தோளோரம் ஒரு தீப்பெட்டி. கைப்பேசியில் வந்த அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்குகிறார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் தீப்பெட்டியின் நீளத்துக்கு விரித்து, அந்த இடைவெளி கலையாமல் சட்டையின் குறுக்கே நடத்திக்கொண்டு போகிறார். "எட்டு... ஒம்பது... பத்து... பத்தர." நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். "மீடியம் வேணுமாம். எழுதீக்கிறத பாருங்க டீச்சர். இது மீடியம் எண்டா நான் தொட்டில் புள்ள." கட்டிலில் அடுக்கியிருக்கும் கறுப்பு அபாயாக்களின் அடியிலிருந்து எக்ஸ்எல் ஒன்றை உருவிப் பையில் போட்டு ஒட்டிவிடுகிறார். அப்படி அனுப்பியதை யாரும் அளவு சரியில்லை என்று திருப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தத் தீப்பெட்டி அளவு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு நாட்டுச் சட்டைக்கும் ஒவ்வொரு அளவு. கழுத்தில் தைத்திருக்கும் எழுத்தை நம்பினால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. "அளவெடுக்கிற டேப் எத்தின வீட்ல ஈக்கி? நெருப்புப்பெட்டி இல்லாத குசினி ஈக்கா, செல்லுங்க." அவர்கள் பேச்சில் ஈக்கி என்றால் இருக்கிறது, செல்லுங்க என்றால் சொல்லுங்க. ஆகவே 'இல்மா கலெக்‌ஷன்' என்ற அவருடைய முகநூல் பக்கத்தில், உங்களுக்குச் சரியான பழைய சட்டை ஒன்றை விரித்து, பக்கத்தில் சின்னத் தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருக்கிறது. சின்ன என்ற சொல் பிறகு சேர்த்தது. பிலிமத்தலாவையில் ஒரு பெரியம்மா பெரிய பெட்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட, அவருக்கு ஏழு வயதுப் பிள்ளையின் கவுன் போய்ச் சேர்ந்தது. "பேத்திக்காக்கும் எண்டு நெனச்சேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கைரியாவுக்கு வயது நாற்பத்தேழு. மடவளையில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இறங்கும் ஒழுங்கையில் வீடு. அக்கம்பக்கத்தார் கைரியா தாத்தா என்கிறார்கள். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குத்தான் தாத்தா என்று பெயர். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் தாத்தா என்றால் மீசையும் கைத்தடியும் உள்ள ஆள். மூன்று வருடத்துக்கு முன், வாங்கிய சல்வாரின் நிறத்தை மாற்றிக்கொள்ள நான் குண்டசாலையிலிருந்து நேரே வந்து இறங்கி, "கைரியா தாத்தா இருக்காரா?" என்று வாசலில் நின்று கேட்டேன். "இருக்காரு, வாங்க" என்று கதவைத் திறந்தது அவரேதான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நான் வாடிக்கைக்காரி என்ற நிலை போய் வீட்டுக்கு வந்துபோகிற ஆளாகிவிட்டேன்.

கடை என்று தனியாக ஒன்றும் இல்லை. முன் ஹோலில் இரண்டு அலுமாரி, ஒரு கட்டில், ஜன்னல் கம்பியில் கொழுவிய ஹேங்கர்கள். பத்து மணி வெயில் அந்த ஜன்னலில் விழும் அரைமணி நேரத்துக்குள் அன்றைய படங்களை எடுத்து முடித்துவிடுவார். படத்தில் அவர் முகம் வராது. துணியின் கீழே விரித்த உள்ளங்கை மட்டும் தெரியும். துணி எவ்வளவு மெல்லியது என்று காட்ட அந்தக் கை போதும் என்கிறார். இளம் பிள்ளைகள் வட்ட விளக்கு பூட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி நேரலையில் துணி விற்பதை அவர் பார்க்காமல் இல்லை. "அவங்க முகத்த விக்கிறாங்க. துணிய யாரு பார்த்த?" என்பார். அதில் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. அவர்கள் ஒரு பின்னேரத்தில் விற்பதை இவர் ஒரு மாதத்தில் விற்பதில்லை.

நேரில் அவர் வாய்க்கு ஒழுங்கையே அடங்கும். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் ஹோர்ன் அடித்ததும் இங்கே ஜன்னலிலிருந்து, "நானா, நேத்து தந்த பாரையக் கொண்டு போய் மியூசியத்தில வெய்யுங்க" என்று குரல் போகும். நானா என்றால் அண்ணன். பார்சல் ஏற்ற வரும் கூரியர்காரரை, "வாங்க மகன், ஒங்கட வேன் வாறதுக்குள்ள சட்ட பேஷன் மாறிடும்" என்று வரவேற்பார். அரசாங்கம், விலைவாசி, பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாவற்றுக்கும் அவரிடம் கருத்து உண்டு. யாரும் கேட்கவேண்டியதில்லை.

கொரோனா ஊரடங்கைப் பற்றியும் உண்டு. "ஒன்லைன்ல மனுசன் நல்லவனா ஈந்தது அந்த ஒரு காலம்தான் டீச்சர். பார்சல் போனா ஆள் வீட்ல ஈப்பான். வேற எங்க போற? போன் அடிச்சா எடுப்பான். சட்டையப் பத்திப் பேசத் தொடங்கி உம்மாட சுகர் வரைக்கும் பேசுவாங்க." உடுத்திக்கொண்டு போக ஓர் இடமும் இல்லாத அந்த மாதங்களில் ஏன் அத்தனை பேர் துணி வாங்கினார்கள் என்று அவர் நிறைய யோசித்திருக்கிறார். கலியாணம் தள்ளிப்போன ஒரு பெண் மூன்று தரம் வேறு வேறு நிறத்தில் தாவணி எடுத்தாளாம். பெருநாளுக்குப் பிள்ளைகளைப் புது உடுப்போடு ஹோலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிய வீடுகள் பலவாம். "சாமான் வேணும் எண்டு வாங்கல்ல. நாளைக்கி ஒண்டு வரும் எண்டு பாத்துக்கிட்டு ஈக்க வாங்கினாங்க."

இப்போது அப்படி இல்லை. பார்சல் வாசலுக்குப் போனால், "அது மகள் போட்ட ஓடர், அவள் இல்ல" என்று கதவு மூடுகிறது. படத்துக்கு விருப்பம் போடுகிறவர்கள் நூறு பேர், விலை கேட்பவர்கள் பத்துப் பேர், விலை சொன்னதும் காணாமல் போகிறவர்கள் ஒன்பது பேர். பெற்றோல் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற வருடத்தை அவர் இரண்டாவது ஊரடங்கு என்றுதான் சொல்வார். "கொரோனால ஆக்கள் உள்ளுக்கு ஈந்தாங்க, சாமான் வெளிய ஓடிச்சு. பெற்றோல் இல்லாத வருசம் ஆக்கள் வெளிய கியூவில, சாமான் உள்ளுக்கு." அந்த மாதங்களில் கூரியர் வராமல், பைகளைத் தலையணை உறையில் திணித்து பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டை தபாலகம் வரை அவரே சுமந்திருக்கிறார்.

இவ்வளவு பேசுகிற மனுஷி கைப்பேசியில் பேசமாட்டார் என்பது எனக்குத் தெரியவர ஒரு வருடம் ஆயிற்று.

அன்றைக்கு நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். மேசையில் இருந்த கைப்பேசி அடித்தது. பாதி வாக்கியத்தில் அவர் வாயை மூடிக்கொண்டார். கை மடியில் விழுந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் இல்மா, கூப்பிடாமலே எழுந்து வந்து எடுத்தாள். "ஸலாம் தாத்தா, இல்மா கலெக்‌ஷன். ஓ, ஈக்கி. மெரூனும் ஈக்கி, பச்சையும் ஈக்கி." பேசிக்கொண்டே தாயைப் பார்த்தாள். தாய் விரலால் மூன்று என்று காட்ட, "மூணு நாள்ல கெடைக்கும்" என்றாள். வைத்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குப் போனாள். கைரியா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். வாட்ஸ்அப்பில் போகும் குரல் பதிவுகளும் இல்மாவினுடையவைதான். எழுத்தில் வரும் கேள்விக்கு மட்டும் கைரியா தானே பதில் எழுதுவார். வாங்குகிறவர்கள் எல்லாரும் கடைக்காரியே இல்மாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படித் தொடங்கியது என்பதை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். நான் சேர்த்துத் தருகிறேன்.

கணவர் ஹாஷிமுக்குக் கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்தில் துணிக்கடை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், பெருநாளுக்கு எடுத்த சரக்கையெல்லாம் ஒரு வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு மாதம் கழியுமுன், நோன்பு தொடங்கச் சில நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அவர் இறந்துபோனார். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கவேண்டும். இத்தா என்பார்கள். அந்நிய ஆணின் காதில் குரல்கூட விழக்கூடாது என்பது மாமியார் றலியாவின் சட்டம். மௌலவியிடம் கேட்டிருந்தால் அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கமாட்டார். கைரியா கேட்கவில்லை. "நாடே இத்தா ஈந்த மாதிரி ஈந்திச்சு. எனக்கு வித்தியாசமாத் தெரியல்ல" என்றார்.

வீடு நிறையப் பெருநாள் துணி. பெருநாள் கழிந்தால் அது பழைய சரக்கு. அடுத்த வேளைக்கு வேறு வழியும் இல்லை. பதினைந்து வயது இல்மா கைப்பேசியில் ஒரு பக்கம் திறந்து, தன் பெயரையே வைத்தாள். அழைப்பவர்கள் ஆண்களாகவும் இருக்கலாம் என்பதால் பேசுவது அவள் வேலையாயிற்று. தாய் தூணுக்குப் பின்னால் நின்று விரலால் விலை காட்ட, மகள் பெரிய மனுஷி மாதிரிப் பேசி விற்றாள். வாப்பா இறந்து பதினைந்து நாள் ஆகாத பிள்ளை அப்படிச் சிரித்துப் பேசியதை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை. அந்த முதல் பெருநாளுக்குச் சரக்கில் முக்கால்வாசி போய்விட்டது.

ஓகஸ்டில் இத்தா முடிந்தது. மாமியாரும் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். ஊரடங்கும் ஒன்றுக்கு மூன்றாக வந்து ஓய்ந்தது. கைப்பேசி மட்டும் இல்மா கையிலேயே இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓ.எல். படித்தாள், ஏ.எல். படித்தாள், இடையிடையே "ஈக்கி தாத்தா" என்றாள். போன வருடக் கடைசியில் அவளுக்கு ஒலுவில் கம்பஸில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. ஒழுங்கை முழுக்கத் தொதல் என்ற இனிப்பைக் கொடுத்த கைரியா, என்னிடம் வந்தபோது பெட்டியை நீட்டிக்கொண்டே அழுதார். சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

இல்மா போய் இரண்டு மாதம். முதல் கிழமை அங்கிருந்தே பேசிப் பார்த்தாள். மடவளைக்கு அடிக்கும் அழைப்பை அவள் கைப்பேசிக்குத் திருப்பி வைத்தார்கள். எந்த நிறம் இருக்கிறது, எது முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. தாயிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்து, அவள் திரும்பச் சொல்வதற்குள் வாங்குகிறவர் வைத்துவிடுவார். விரிவுரை நடுவில் கைப்பேசி அடித்து, வெளியே அனுப்பப்பட்டாளாம். பத்தாம் நாள் அழைப்பைத் திரும்பவும் மடவளைக்கே மாற்றிவிட்டு, தாய்க்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். கைரியா அதை எனக்குப் போட்டுக் காட்டினார்.

"உம்மா, வாப்பா மவுத்தான நாள்ல ஈந்து நான் ஒங்களுக்கு வாயா ஈக்கிறேன். எனக்கு ஏலாம ஈக்கி உம்மா. இனி நீங்க பேசுங்க. ஒரு சொல்லு பேசுங்க, மத்தது தானா வரும்."

அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கைரியாவுக்கும் அது தெரியும். பதிவு முடிந்ததும், "பாவம், தொண்ட கட்டீக்கி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கரைச்சல் எல்லாம். இப்போது முகநூலில் ஏமாற்றுக்காரர்கள் மலிந்துவிட்டார்கள். நல்ல துணியின் படத்தைப் போட்டுக் கந்தலை அனுப்புகிறவர்கள், முற்பணம் வாங்கிக்கொண்டு பக்கத்தையே மூடுகிறவர்கள். ஆகவே யாரும் எழுத்தை மட்டும் நம்பி ஓடர் போடுவதில்லை. ஒரு தரம் அடித்துப் பார்க்கிறார்கள். மனிதக் குரல் கேட்டால் நம்புகிறார்கள். இல்மா கலெக்‌ஷனுக்கு அடித்தால் குரல் வருவதில்லை. கைரியா எடுப்பார், காதில் வைப்பார், வாய் அசையும், ஒன்றும் வராது. கம்பளைப் பக்கத்து யாரோ ஒருவர் பக்கத்தின் கீழேயே எழுதிவிட்டார். "கவனம். ஆறு தடவை அடித்தேன். எடுத்துவிட்டு மூச்சு மட்டும் விடுகிறார்கள். கள்ளப் பேஜ். யாரும் ஏமாற வேண்டாம்." அதை இருநூறு பேருக்கு மேல் பகிர்ந்திருக்கிறார்கள். ஐந்து வருடம் தீப்பெட்டி வைத்து அளந்து அளந்து அனுப்பியவரை ஒரு பின்னேரத்தில் கள்ளியாக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்களோடு எழுத்தில் சண்டை பிடித்தேன். நானும் அந்தக் கூட்டத்து ஆள் என்று எனக்கும் திட்டு விழுந்தது.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போனபோது ஜன்னல் வெயில் வீணாய் விழுந்துகொண்டிருந்தது. ஹேங்கர்கள் வெறுமையாக இருந்தன. கட்டிலில் ஒரே ஒரு பார்சல். அந்தக் கிழமை முழுக்க வந்த ஓடர் அது. இந்த முகநூல் பக்கம் போய்விட்டால் வீட்டில் அடுப்பெரிய வேறு ஒன்றும் இல்லை, இல்மாவின் போர்டிங்குக்கும் இல்லை.

எனக்குப் படிப்பிக்கிற புத்தி. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 'ஸலாம், இல்மா கலெக்‌ஷன். நான் இல்மாவின் உம்மா பேசுகிறேன்.' அவர் வாங்கிக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். நல்ல குரல் அவருக்கு, கொஞ்சம் கரகரப்பு, யாரும் நம்பக்கூடிய குரல். மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் கடைசியில், "எங்கட சட்டைய உடுத்தா ஒங்கட மாமிக்கு வயிறெரியும்" என்று தானாகவே சேர்த்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போது இதையே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள் என்று நீட்டினேன். கைப்பேசி கைக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. விரல் அழுத்தியது. நொடிகள் ஓடின. ஏழு, எட்டு, பதினொன்று. விரலை எடுத்துவிட்டு, கைப்பேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் தாத்தா?" என்றேன். "மீன்காரர்கிட்ட இல்லாத வெக்கம் இதுலயா?"

"வெக்கமில்ல டீச்சர்."

கொஞ்ச நேரம் பையொன்றின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவர் பேச்சிலேயே தருகிறேன்.

"அண்டைக்கி காலைல இல்மாட வாப்பாக்கு மூச்செடுக்க ஏலாமப் போச்சு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அந்தக் கதிரைல ஈந்தாங்க. நான் ஆம்புலன்சுக்கு போன் எடுத்தேன். ரெண்டாம் ரிங்கிலயே எடுத்தாங்க. ஒரு பொம்பளப் புள்ள. சிங்களத்தில 'கொஹெந்த' எண்டு கேட்டிச்சு, எங்க ஈந்து எண்டு. நான் செல்ல வாய் தொறந்தேன். இவங்க என்ட கையப் புடிச்சாங்க. 'வேணாம் கைரியா, கொண்டு போனா எரிச்சிடுவாங்க' எண்டாங்க. மூச்சு முட்டினா கொரோனா எண்டுதானே எல்லாரும் செல்ற. அந்தப் புள்ள 'ஹலோ, ஹலோ, கொஹெந்த' எண்டு கேட்டுக்கிட்டே ஈக்கி. இவங்க தலைய ஆட்டிக்கிட்டே ஈக்காங்க. நான் ஒண்டும் செல்லல்ல. கட் பண்ணிட்டேன்."

அந்த நாட்களை மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கொரோனாவில் இறந்தால் எந்த மதத்தவரானாலும் எரிக்கவேண்டும் என்று இந்த நாட்டில் உத்தரவு போட்டிருந்தார்கள். மண்ணில் அடக்குவதே கடமை என்றிருக்கும் மக்கள் சாவைவிட அந்த நெருப்புக்குப் பயந்தார்கள். மூச்சுத் திணறியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்த குடும்பங்கள் உண்டு. அதை இன்றைக்கு யார் வாய் திறந்து சொல்கிறார்கள்?

"முக்கா மணித்தியாலம் ஈந்தாங்க" என்றார் கைரியா. "மரண விசாரண செய்ற ஐயா வந்து பாத்திட்டு நெஞ்சு வருத்தம் எண்டு எழுதித் தந்தாரு. கொரோனா இல்ல. பத்துப் பேர் நிண்டு நல்லபடியா அடக்கினாங்க. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் எண்டாங்க. நானும் செல்லினேன். நெஞ்சு வருத்தம் எண்டா எரிக்க மாட்டாங்களே டீச்சர். மருந்து குடுத்து அனுப்பீப்பாங்க. அந்தப் புள்ள கேட்டது ஒரே ஒரு சொல்லு."

அவர் அழவில்லை. நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இல்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கு அவள் மாமி வீட்டில், அடுத்த ஒழுங்கையில் இருந்தாளாம். "தெரியாது. உம்மா இத்தாவால பேசல்ல எண்டுதான் அவ நெனச்சுக்கிட்டீக்கா. அப்பிடியே ஈக்கட்டும்." மகள் வீட்டில் இருக்கும்வரை, ஏன் பேசுவதில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. மாமியாரின் சட்டம் அவருக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது.

தேத்தண்ணீர் ஊற்றப் போவதாக எழுந்தார். அப்போது கைப்பேசி அடித்தது. புது இலக்கம். அவர் நின்றுவிட்டார். நான் எடுக்கட்டுமா என்று கையை நீட்டினேன். தலையை அசைத்து, தானே எடுத்தார். எடுத்ததும் ஸ்பீக்கரைப் போடுவது இல்மா காலத்துப் பழக்கம். கைப்பேசியைக் காதோரம் வைத்துக்கொண்டாலும் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது.

"ஹலோ, இல்மா கலெக்‌ஷனுங்களா? நாங்க நாவலப்பிட்டியில இருந்து பேசுறோம்." நடுத்தர வயதுப் பெண். பின்னால் ஒரு குழந்தை அழுதது. "ஹலோ?"

கைரியாவின் உதடு பிரிந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. எதிரே காலியாகக் கிடந்த அந்தக் கதிரையை, ஹாஷிம் கடைசியாக இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீலச் சட்ட இருக்குங்களா? இல்ல, என்னென்னமோ எழுதியிருக்காங்க, அதான் பேசிப் பார்ப்போம்னு எடுத்தேன். ஹலோ? கேக்குதுங்களா?" அந்தப் பெண்ணின் குரலில் சந்தேகம் ஏறியது. ஆனால் அவள் வைக்கவில்லை, நல்லவள். "நீங்க எங்க இருக்கீங்க? எடத்த மட்டும் சொல்லுங்க, அது போதும் எனக்கு. ஹலோ... ஹலோ..."

சிவப்புப் பொத்தானுக்கு மேல் அவருடைய பெருவிரல் நின்றது. அழுத்தவில்லை.

"சரி, விடுங்க" என்றாள் அந்தப் பெண். இணைப்பு அறுந்தது. குழந்தையின் அழுகையும் அதோடு நின்றது.

கைரியா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கையால் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மடவளை" என்றார். குரல் தெளிவாக, நல்ல சத்தமாக வந்தது. "மடவளைல ஈந்து பேசுறேன். பள்ளிக்குப் பின்னால எறங்குற ஒழுங்கை, மூணாவது வீடு. கேட் தொறந்து ஈக்கி. கெதியா வாங்க."